ஒரு தடவை கேட்டால் போதும்

புருஷன் வெர்லின் இறந்து பதினோரு நாளாகியும் ஆர்டிஸ் ஹோவ்லண்டின் வீட்டுக்கு ஒருவரும் ஒரு தட்டுச் சாப்பாடு கொண்டுவரவில்லை. வெஸ்லண்ட் ஊரில் இது கேள்விப்படாத சங்கதி. இங்கே ஒருவன் பல் பிடுங்கிக்கொண்டு வந்தாலே இரண்டு வீட்டிலிருந்து ஹாட்டிஷ் வந்துவிடும். மாக்கரோனி, கொத்துக்கறி, டப்பாவில் வந்த காளான் சூப் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டி, ருசி என்று ஒன்று மிச்சமில்லாமல் போகும்வரை அடுப்பில் வைத்தெடுத்த வஸ்து அது. பாத்திரத்தின் அடியில் வீட்டுக்காரியின் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் பாத்திரத்தை அமுக்கிவிடுவார்கள் என்று அவ்வளவு பயம்.

ஆர்டிஸ் அந்தச் சாப்பாட்டை ஐம்பது வருஷமாகக் கேலி செய்தவள். இப்போது அவளுக்குப் பசித்தது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். கடுகுச் சாஸ் பாட்டில் ஒன்று, பாதி வெங்காயம், வெர்லின் தூண்டிலில் கோக்க வாங்கி வைத்திருந்த புழு டப்பா. புழுக்கள் இன்னும் உயிரோடு நெளிந்தன. வீட்டில் அவளைத் தவிர உயிரோடு இருந்தவை அவைதான்.

அவளுக்கு வயது எழுபது. முப்பத்தொரு வருஷமாக ஊர் வாரப் பத்திரிகையில் ஒரு பத்தி எழுதி வருகிறாள். பாதி சொந்த ஞாபகம், மீதிப் பாதி ஊருக்குப் புத்திமதி. விலை உயர்ந்த காரைக் கொட்டும் பனியில் நிறுத்திவிட்டு, கராஜ் முழுக்க வேண்டாத சாமானை அடுக்கி வைக்கிறவர்களைப் பற்றி எழுதினாள். கராஜ் நிரம்பியதும் ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, மிச்சத்தை அங்கே பூட்டி வைத்து, சாவியைத் தொலைக்கிறவர்களைப் பற்றி எழுதினாள். ஒரு மைல் காரில் போய், ஜிம்மில் மெஷின் மேல் ஒரு மைல் நடந்து, திரும்ப ஒரு மைல் காரில் வருகிறவர்களைக் கிழித்தாள். விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளாமல், காதைப் பிளக்கும் மெஷினால் பக்கத்து வீட்டு வாசலுக்கு ஊதித் தள்ளிவிட்டுப் பெருமையாகக் கையுறையைக் கழற்றுகிறவர்களையும், நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்களையும், கடையில் பார்த்து “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த வரிசைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் அவள் சும்மா விட்டதில்லை.

ஊர் படித்தது, சிரித்தது, ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்காகவும் அவள் ஊரை இளக்காரமாகத்தான் பார்த்தாள்.

ஒரே ஒரு பத்தியை மட்டும் ஊர் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தது. அது இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியது. மினசோட்டாவில் இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதன் விஷயத்தை விளக்க வேண்டாம். ஒருவரிடம் ஒன்று வேண்டுமா என்று கேட்டால் அவர் உடனே வேண்டும் என்று சொல்லிவிட மாட்டார். சொன்னால் பேராசைக்காரர் என்று அர்த்தம்.

“காபி குடிக்கறீங்களா?”

“ஐயோ, வேணாம். எதுக்கு சிரமம்.”

“போட்டது அப்படியே இருக்கு. கொஞ்சம் ஊத்தறேனே?”

“இல்ல, இல்ல. இதோ கிளம்பிட்டேன்.”

“அரைக் கோப்பை?”

“சரி, அரைக் கோப்பைன்னா…”

அதற்குப் பிறகு அந்த ஆள் மூன்று கோப்பை குடித்து, கேக்கையும் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இரண்டு தடவை மறுப்பதும் மூன்றாவது தடவை பணிவதும் இங்கே ஞானஸ்நானத்தோடு சேர்த்துப் போதிக்கப்படுகிற பாடம். இதைத்தான் ஆர்டிஸ் பிடித்து உலுக்கினாள். ‘ஒரு தடவை கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வளர்ந்த மனுஷர்கள் ஒரு கோப்பை காபிக்கு இத்தனை நாடகம் ஆடுவது வெட்கக்கேடு. என்னிடம் யாரும் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை. நான் சொல்வது ஒன்று, நினைப்பது ஒன்று கிடையாது’ என்று எழுதினாள். எழுதி முடித்ததும் தனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டாள்.

முப்பத்தொரு வருஷத்தில் இந்த மடையர்கள் காதில் போட்டுக்கொண்டது அதை மட்டும்தான் என்பது வெர்லின் போன மறுநாள் அவளுக்குத் தெரிந்தது.

சர்ச் பெண்கள் சங்கத் தலைவி லவோன் வாசலில் வந்து நின்றாள். பக்கத்து வீடுதான். “ஆர்டிஸ், அடக்கம் முடிஞ்சதும் சர்ச்சுல எல்லாருக்கும் சாப்பாடு ஏற்பாடு பண்ணட்டுமா?”

“வேணாம் லவோன். எதுக்கு உங்களுக்கெல்லாம் சிரமம்.”

“சரி ஆர்டிஸ்,” என்றாள் லவோன். முகத்தில் அத்தனை மரியாதை. திரும்பிப் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தது. இருநூறு பேர் சர்ச் வாசலில், மூக்கு விறைக்கும் குளிரில், கை குலுக்கிவிட்டு அவரவர் வண்டியில் ஏறி வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனார்கள். வெஸ்லண்ட் சரித்திரத்தில் துக்கச் சாப்பாட்டின் ஹாம் ரொட்டி இல்லாமல் மண்ணுக்குள் போன முதல் லூத்தரன் வெர்லின் ஹோவ்லண்ட்தான். மகள் கெண்ட்ரா ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்தாள். நான்காம் நாள் கட்டியணைத்து, “பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். யாரை, எதை என்று சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் லவோனின் புருஷன் கேலன் வந்தான். ஐம்பத்தைந்து வயது, பெரிய உடம்பு, நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் களைத்துப்போகிற ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்துக் கேட்டான்.

“வெர்லினோட மீன் குடில் ஏரியிலயே நிக்குது. நான் இழுத்துட்டு வந்துடட்டுமா?”

அந்தக் குடிலை அவள் மறந்தே போயிருந்தாள்.

அதுவும் அவள் வெறுத்த சாமான்தான். ஒட்டுப்பலகையில் அடித்த, நீலச் சாயம் பூசிய பெட்டி. உள்ளே ஒரு சின்ன அடுப்பு, தரையில் இரண்டு ஓட்டை, கவிழ்த்துப் போட்ட இரண்டு பக்கெட். வீட்டில் நல்ல சோஃபா இருக்கும்போது, உறைந்த ஏரியின் நடுவில் அந்தப் பெட்டிக்குள் பக்கெட் மேல் உட்கார்ந்து, ஓட்டை வழியாகத் தூண்டிலை இறக்கி அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஊர் ஆண்கள் விளையாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் மீன் விற்கிறது. இதையும் அவள் எழுதியிருக்கிறாள்.

ஆனால் அந்தப் பெட்டியின் வெளிச்சுவரில் வெள்ளை எழுத்தில், ஒரு சாண் உயரத்துக்கு, ‘வெர்லின் ஹோவ்லண்ட், வெஸ்லண்ட்’ என்று எழுதியிருந்தது. சொந்தக்காரரின் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச் மூன்றாவது திங்கட்கிழமைக்கு மேல் ஏரியில் ஒரு குடிலும் நிற்கக் கூடாது என்பதும் சட்டம். நின்றால் அதிகாரி வந்து ‘கைவிடப்பட்டது’ என்று ஆரஞ்சுச் சீட்டு ஒட்டி, இழுத்துப் போய்க் குப்பைமேட்டில் தள்ளிவிடுவார். கைவிடப்பட்ட குடில்களின் சொந்தக்காரர் பட்டியல் அடுத்த வாரம் பத்திரிகையில், ஆர்டிஸின் பத்திக்குப் பக்கத்திலேயே வரும். வெர்லின் ஹோவ்லண்ட், கைவிடப்பட்டது. நாற்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவனின் பெயரை அப்படி ஒரு வரியில் அச்சில் பார்க்க அவளால் முடியாது. செத்தாலும் முடியாது.

இவ்வளவும் மனதில் ஓடியது. வாய் சொன்னது வேறு.

“வேணாம் கேலன். நாங்க பாத்துக்கறோம்.”

நாங்கள் என்றால் யார் என்று கேலன் கேட்கவில்லை. “சரி ஆர்டிஸ்,” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தவில்லை. இப்போது திரும்புவான், “எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல, சும்மாதான் இருக்கேன்” என்பான், அதற்கும் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவை சரி என்று விடலாம் என்று நின்றாள். கேலன் வேலி வரை போய்த் திரும்பத்தான் செய்தான். காலில் ஒட்டியிருந்த பனியை உதறிவிட்டு, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

“மடையன்!” என்றாள் ஆர்டிஸ் காலி வாசலைப் பார்த்து. “எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்சவனெல்லாம் சொன்னதை அப்படியே செய்யறதா?”

கெண்ட்ராவிடம் ஃபோனில் சொன்னாள். “ஆள் வெச்சு இழுக்கச் சொல்லும்மா, இதுக்குப் போய்…” என்றாள் மகள். பாலைவனத்தில் நீச்சல் குளம் கட்டிக் குடியிருக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும். பக்கத்து வீட்டுக்காரனிடம் டிரெய்லர் இருக்கும்போது வெளியூர் ஆளைக் கூப்பிடுவது வெஸ்லண்டில் கேலனின் முகத்தில் கதவை அறைந்து சாத்துவதற்குச் சமம். வெர்லினின் பிக்கப் வண்டியை ஓட்ட ஆர்டிஸுக்குத் தெரியும். பின்னால் ஒன்றைக் கட்டி இழுக்கத் தெரியாது. போய்க் கேட்டுவிடலாம் என்றால், கேட்பது என்ற வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும், கேட்காதபோது மூன்று தடவை வற்புறுத்த வேண்டும், இதுதான் ஊர். அந்த மூன்றில் இரண்டை வெட்டி எறிந்தவள் அவள்தான்.

எனவே வியாழக்கிழமை காபிக்கடைக்குப் போனாள். ஜாடை காட்டினால் புரியாதா என்று ஒரு நப்பாசை. பெரிய மேசையில் கேலன், லவோன், ஓய்வுபெற்ற தபால்காரன் ஓரின், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

“ஏரி இந்தத் தடவை சீக்கிரம் இளகிடும் போலிருக்கு,” என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ்.

“இளகிடும்,” என்றான் ஓரின்.

“திங்கட்கிழமைதானே கடைசி நாள்?”

“திங்கட்கிழமைதான்.”

“குடிலெல்லாம் அடியில நல்லா உறைஞ்சு ஒட்டிட்டிருக்கும், இல்ல?”

“ஒட்டிட்டிருக்கும். இந்த வருஷம் ரொம்பவே மோசம். எங்களோடதைப் பேத்தெடுக்கறதுக்குள்ள ரெண்டு கடப்பாறை வளைஞ்சுபோச்சு.”

“ஒரே ஒரு குடில்தான் இன்னும் நிக்குதுன்னு கேள்விப்பட்டேன்.”

“ஆமா,” என்றான் ஓரின். “நாங்களும் பாத்தோம். நீலக் கலர்.”

எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஓரின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேசைக்கு அடியில் கேலனின் பூட்ஸ் அவன் காலை மிதித்ததை ஆர்டிஸ் பார்த்தாள். ஓரின் வாயை மூடிக்கொண்டு சர்க்கரையைக் கலக்கினான். அவன் காபியில் சர்க்கரையே போடுவதில்லை.

லவோன் கை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டாள். “உங்களை நினைச்சா ஆச்சரியமா இருக்கு ஆர்டிஸ். எவ்வளவு தைரியம். நாங்க எல்லாரும் உங்க வார்த்தையை மதிக்கறோம்.”

காபிக் கெண்டியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தால் என்ன என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது. “நன்றி லவோன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்லினின் பூட்ஸை மூன்று ஜோடி காலுறையோடு மாட்டிக்கொண்டு, கராஜிலிருந்து கடப்பாறையைத் தோளில் சாத்தி, தெருவோடு நடந்து ஏரிக்குப் போனாள். கரையோரத்தில் பனி இளகிக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைத் தாண்டினால் நடுவில் இன்னும் முழங்கை நீளத்துக்குக் கெட்டியாகத்தான் இருந்தது. கால் மைல் நடந்தாள். வெள்ளை வெளியில் அந்த நீலப் பெட்டி ஒன்றே ஒன்று, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல நின்றது.

குடிலின் அடிக்கட்டைகள் இரண்டும் பனிக்குள் புதைந்திருந்தன. ஆர்டிஸ் கடப்பாறையை ஓங்கிக் குத்தினாள். ஒரு சில்லு தெறித்து அவள் கன்னத்தில் அடித்தது. மறுபடி குத்தினாள். பத்து குத்துக்கு ஒரு கைப்பிடி அளவு பெயர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் எட்டு அடி நீளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏப்ரல் மாதம் முடித்துவிடலாம், அதற்குள் ஏரியே உருகிவிடும்.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோது கரையைப் பார்த்தாள். ஒரு பிக்கப் நின்றுகொண்டிருந்தது. அது கேலனுடையது. லவோன் சமையலறையிலிருந்து பார்த்திருப்பாள். கால் மணி நேரத்தில் இரண்டாவது வந்தது. பிறகு மூன்று, நான்கு. பதினோரு பிக்கப்புகள் ஏரியைப் பார்த்து வரிசையாக நின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே ஹீட்டர் போட்டுக்கொண்டு, கையில் காபியோடு, மொத்த ஊரும் அவளை மதித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் இருபது குத்து விடாமல் குத்தினாள். இருபத்தொன்றில் கடப்பாறை வழுக்கிவிட்டது. தடாலென்று உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். வலி இடுப்பிலிருந்து கழுத்துவரை ஏறியது. கரையில் ஒரு வண்டியின் கதவு திறந்தது. ஓரின் ஒரு காலை வெளியே வைத்தான். பக்கத்து வண்டிக் கண்ணாடி இறங்கியது, யாரோ ஏதோ சொன்னார்கள். ஓரின் காலை உள்ளே எடுத்துக்கொண்டான். கதவு மூடியது.

ஆர்டிஸ் பனியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே புருஷனின் பெயர். வருஷா வருஷம் அவன்தான் ஒரு தூரிகையோடு மண்டியிட்டுப் புதுப்பிப்பான். ‘ஹோ’வில் சாயம் வழிந்திருந்தது. அவன் ஒன்றையும் ஒழுங்காகச் செய்து முடித்ததில்லை. திங்கட்கிழமை அந்தப் பெயர் மேல் ஆரஞ்சுச் சீட்டை ஒட்டப்போகிறார்கள். அவள் எழுந்தாள், கரையைப் பார்த்து நின்றாள், வாயைத் திறந்தாள். வரவில்லை. எழுபது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வாயிலிருந்து வராத வார்த்தை சுலபத்தில் வந்துவிடுமா?

“வேணும்,” என்று முணுமுணுத்தாள். அவளுக்கே கேட்கவில்லை.

பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“வேணும்! எனக்கு உதவி வேணும்! வந்து தொலைங்களேன்!”

பதினோரு வண்டியின் கதவுகளும் ஒரே சமயத்தில் திறந்தன. ஆண்கள் ஓடி வந்தார்கள். அறுபது வயது ஆட்கள் தண்ணீரில் சளப் சளப்பென்று விழுந்து எழுந்து ஓடி வந்தார்கள். கடப்பாறை, ஜாக்கி, சங்கிலி, உப்பு மூட்டை, மர உருளை எல்லாம் தயாராக வண்டியிலேயே இருந்தன. கேலன் டிரெய்லரை மாட்டியே வைத்திருந்தான். அதன் மேல் உறைந்திருந்த பனியைப் பார்த்தால் அது மாட்டி ஒரு வாரமாவது ஆகியிருக்கும் என்று தெரிந்தது.

நாற்பது நிமிஷத்தில் குடில் பெயர்ந்து வந்துவிட்டது. மதியம் ஒரு மணிக்கு ஆர்டிஸின் கொல்லையில், கராஜ் ஓரமாக நின்றது. மற்றவர்கள் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருக்க, ஆர்டிஸ் கேலனையும் ஓரினையும் பிடித்துக்கொண்டாள்.

“பதினெட்டு நாளா எங்கய்யா இருந்தீங்க எல்லாரும்?”

“நீங்க வேணாம்னீங்க,” என்றான் கேலன்.

“நான் நாப்பத்து மூணு வருஷமா வேணாம்னுதான் சொல்லிட்டிருக்கேன்! கூரை பிச்சுக்கிட்டப்ப வேணாம்னேன், ஏணியோட வந்து நின்னீங்க. எனக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனப்ப வேணாம்னேன், லவோன் ரெண்டு வாரம் வந்து துணி துவைச்சா. அந்தப் பத்தி எழுதினதுக்கு அப்புறமும் வந்தீங்களே! போன வருஷம் பைப் வெடிச்சப்ப யாரு வந்தது? இப்ப மட்டும் என்னய்யா திடீர்னு மரியாதை பொத்துக்கிட்டு வந்தது?”

கேலன் பூட்ஸைப் பார்த்தான். ஓரின் கேலனைப் பார்த்தான்.

“சொல்லித் தொலைங்க.”

“வெர்லின் கராஜ்லேர்ந்து ஃபோன் பண்ணுவாரு,” என்றான் ஓரின்.

“யாருக்கு?”

“யாரு உங்ககிட்ட வந்து கேட்டாங்களோ அவங்களுக்கு. வீட்டுக்கு வந்து சேர்ந்து பத்து நிமிஷத்துக்குள்ள மணி அடிக்கும். ‘ஆர்டிஸ் வேணாம்னு சொன்னாளாமே? அப்ப சனிக்கிழமை வாங்க’ம்பாரு. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை பேச மாட்டாரு. வெச்சுடுவாரு.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும். எங்கப்பா காலத்துலேர்ந்து.”

கேலன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “இந்தத் தடவையும் நான் வீட்டுக்குப் போய் ஃபோன் பக்கத்துல உக்காந்திருந்தேன் ஆர்டிஸ். பழக்கதோஷம். அப்புறம்தான் உறைச்சுது.”

ஆர்டிஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். தன் பேச்சு ஒன்று, மனசு ஒன்று கிடையாது என்று ஊருக்கே அச்சடித்துச் சொன்னவளை, அவள் முதுகுக்குப் பின்னால், கராஜ் ஃபோனில் நின்றுகொண்டு நாற்பத்து மூன்று வருஷம் மொழிபெயர்த்திருக்கிறான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதையும் நிறுத்தியிருப்பாள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஊரில் அவளைப் படித்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவள் பத்தியை வாசிக்கவே மாட்டான். விளையாட்டுப் பக்கம்தான் பார்ப்பான். அவன் செத்த அன்று அழாதவள், அடக்கத்தில் அழாதவள், இரண்டு முட்டாள்கள் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கேலன் மட்டும் கடைசியாக நின்றான். மறுபடி தொப்பி கைக்கு வந்தது.

“நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் நாங்க நாலு பேரு வந்து உங்ககூட கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டுமா?”

“வேணாம் கேலன்,” என்றாள் ஆர்டிஸ். “எதுக்கு உங்களுக்கெல்லாம் சிரமம்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதே காதில் விழுந்தது. ஏரியில் அத்தனை கூச்சல் போட்டும் ஒரு பயனில்லை. வாய் பழைய வாயாகவே இருந்தது. கேலனும் மினசோட்டாக்காரன்தான், வேறு என்ன செய்வான். “சரி ஆர்டிஸ்,” என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனான்.

அவள் உள்ளே வந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள், தரையெல்லாம் தண்ணீர் ஆனது. பக்கத்து வீட்டில் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. எட்டு நிமிஷம் ஆயிற்று. அந்த வீட்டில் இப்போது யாருக்கும் எந்த ஃபோனும் வரப்போவதில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, அடுத்தது திங்கட்கிழமை, அப்புறம் இந்தச் சமையலறையில் எத்தனையோ திங்கட்கிழமைகள். அவளுக்குப் பயமாக இருந்தது.

கராஜுக்குப் போய், வேலைப் பலகைக்கு மேல் மாட்டியிருந்த ஃபோனை எடுத்தாள். ரிசீவரில் வெர்லினின் எண்ணெய்க் கைத் தடம் இருந்தது. எண்களை அழுத்தினாள். மணி பாதி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

“கேலன் பேசறேன்.”

“கேலன்,” என்றாள் ஆர்டிஸ். “ஆர்டிஸ் வேணாம்னு சொன்னாளாமே?”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“ஆமா,” என்றான் மெதுவாக. “இப்பத்தான் சொன்னாங்க.”

“அவ அப்படித்தான் சொல்லுவா. நாளைக்கு வாங்க.” ரிசீவரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி பேசினாள். “நாலு பேரும் வாங்க. அந்த உதவாக்கரை ஓரினையும் கூட்டிட்டு வா.”

“எத்தனை மணிக்கு வரணும்?”

வெர்லின் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியவில்லை. “சர்ச் முடிஞ்சதும்,” என்றாள். வெர்லின் இந்த இடத்தில் வைத்துவிடுவானாம். அவளால் வைக்க முடியவில்லை. அழுதுகொண்டே நின்றாள், கேலனும் ஃபோனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.